கூரை வேலைக்கு அட்வான்ஸ் குடுக்கறீங்களா? அது நீங்க குடுக்கற வட்டியில்லாக் கடன்!



ஆடி முடிஞ்சு ஆவணி பிறந்தா ஊர்ல இருந்து போன் வர்ற சீசன் இது. "தம்பி, மாடி ஒழுகுது. ஐப்பசி மழைக்குள்ள மேல ஷீட் போட்டுடலாம்." நீங்க சென்னையிலயோ பெங்களூர்லயோ ஆபீஸ்ல இருப்பீங்க. அப்பா யாரோ ஒரு கான்ட்ராக்டரைப் பார்த்துப் பேசி முடிச்சிருப்பார். 60 பர்சென்ட் அட்வான்ஸ் கேக்கறாராம். மீட்டிங் நடுவுல ஜிபே ஓப்பன் பண்ணி அனுப்பிட்டு மறந்துடுவீங்க.

அப்புறம் காரணங்கள் வரிசையா வரும். வெல்டர் ஊருக்குப் போயிட்டான். ஷீட் ரேட் ஏறிடுச்சு. வீட்ல ஒரு விசேஷம். மழை விட்டதும் வந்துடறேன். கடைசில, நீங்கள் டயல் செய்த எண் தற்சமயம் அணைத்து வைக்கப்பட்டுள்ளது.

இந்தக் கதையைக் கேட்டா எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: "நல்ல ஆளாப் பார்த்துக் குடுத்திருக்கணும்." எனக்கு இதுல உடன்பாடு இல்லை. ஆள் நல்லவரா கெட்டவரான்னு கண்டுபிடிக்கறது உங்க வேலையும் இல்லை, உங்களால முடியவும் முடியாது. பணம் எந்த வரிசையில போகுதுங்கறது மட்டும்தான் உங்க கையில இருக்கு. அதைச் சரியா வச்சா, ஆளைப் பத்தின கணிப்பு தப்பினாலும் பெரிசா அடி விழாது.

நல்லவரும் ஏமாத்தறது எப்படி?

முதல்லயே ஏமாத்தணும்னு வர்றவங்க இருக்காங்க. அதைவிட நாம கவனிக்க வேண்டியது இன்னொரு வகை: ரொட்டேஷன்ல மாட்டினவர்.

சின்ன கான்ட்ராக்டர்கிட்ட சொந்த முதல் கம்மி. போன வீட்டுக்கு வாங்கின அட்வான்ஸ் ஏற்கனவே செலவாயிடுச்சு. அந்த வீட்டுக்காரர் திட்டறார். அப்ப உங்க 90,000 ரூபாய் வருது. அதை வச்சு அந்த வீட்டுக்கு ஷீட் வாங்கிடறார். உங்க வீட்டுக்கு ஷீட் வாங்க அடுத்த வீட்டு அட்வான்ஸ் வரணும். புது ஆர்டர் வந்துக்கிட்டே இருக்கற வரைக்கும் இந்தச் சக்கரம் ஓடும், எல்லாருக்கும் வேலையும் முடியும். மழை பிடிச்சு ஆர்டர் நின்னதும் சக்கரம் நிக்கும். அந்த நேரத்துல கடைசியா அட்வான்ஸ் குடுத்தவர் யாரோ, அவருக்குத்தான் நஷ்டம்.

ஓடிப்போற ஏலச்சீட்டு மாதிரியே இருக்குல்ல? அதே மெக்கானிசம்தான். இவர் போன வருஷம் உங்க சித்தப்பா வீட்ல அருமையா வேலை செஞ்சிருக்கலாம். அந்த ரெஃபரன்ஸ் உண்மைதான். ஆனா இன்னைக்கு அவர் பணப்புழக்கம் எப்படி இருக்குன்னு அது உங்களுக்குச் சொல்லாது.

பேங்க் உங்ககிட்ட கேக்கறது, நீங்க அவர்கிட்ட கேட்டீங்களா?

நீங்க பேங்க்ல 90,000 ரூபாய் கடன் கேட்டா என்ன ஆகும்? மூணு மாச சேலரி ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், பான், ஆதார், சிபில் ஸ்கோர். அதுக்கப்புறம் வட்டி. அதே 90,000 ரூபாயை நீங்க ஒரு கான்ட்ராக்டருக்குக் குடுக்கும்போது? விசிட்டிங் கார்டும், "நம்ம ஊர்க்காரர்தான்"ங்கற ஒரு வார்த்தையும்.

வேலை நடக்கறதுக்கு முன்னாடி போற பணம் எல்லாமே கடன்தான். அடமானம் கிடையாது, வட்டி கிடையாது, திருப்பித் தர தேதியும் கிடையாது.

அந்தப் பணத்தை நீங்களே பர்சனல் லோன்ல எடுத்திருந்தா இன்னும் மோசம். ஒரு கணக்குக்கு, 1,50,000 ரூபாய், 14% வட்டி, 24 மாசம்னு வச்சுக்கங்க. மாச இஎம்ஐ சுமார் 7,200 ரூபாய். மொத்த வட்டி மட்டும் சுமார் 22,800 ரூபாய். கான்ட்ராக்டர் வரலைன்னு பேங்க் இஎம்ஐயை நிறுத்தாது. மேல கூரையும் இருக்காது, கீழ கடன் மட்டும் ஓடும்.

பணம் வேலையைத் தாண்டி ஓடக் கூடாது

ரூல் இது ஒண்ணுதான். எந்த நாள்ல பார்த்தாலும், "இன்னைக்கு இவர் போனை ஆஃப் பண்ணிட்டா எனக்கு எவ்வளவு போகும்?"னு கேளுங்க. வர்ற பதில் உங்களால தாங்கக்கூடிய தொகையா இருக்கணும்.

உதாரணத்துக்கு, 600 சதுர அடி மாடி, சதுர அடிக்கு 250 ரூபாய்னு பேசி, மொத்தம் 1,50,000. இதுல ஷீட், பைப், ஸ்க்ரூ எல்லாம் சேர்த்து மெட்டீரியல் 95,000, கூலியும் அவர் லாபமும் 55,000னு வச்சுக்குவோம். (உங்க ஊர் ரேட் வேற மாதிரி இருக்கலாம். முறை மாறாது.)

அவர் கேக்கறபடி 60% குடுத்தா, முதல் நாளே உங்க ரிஸ்க் 90,000. இப்படி மாத்திப் பாருங்க:

1. பேசி முடிக்கும்போது டோக்கன் 5,000.
2. மெட்டீரியல் காசு 95,000 கடைக்கு நேரா. பில் உங்க பேர்ல, லோடு இறங்கறது உங்க வீட்ல.
3. தூண் நட்டு, ட்ரஸ் வெல்டிங் முடிஞ்சதும் 15,000.
4. ஷீட் முழுசா போட்டு முடிஞ்சதும் 15,000.
5. தண்ணி போற வழி, ஓரம், பெயின்ட் எல்லாம் முடிஞ்சதும் 10,000.
6. மீதி 10,000 ஒரு நல்ல மழை பெஞ்சு, ஒழுகலைன்னு பார்த்தப்புறம்.

இப்ப எந்தக் கட்டத்துல அவர் காணாம போனாலும் உங்களுக்குப் போறது அந்த டோக்கன் பணம்தான். ஷீட்டும் பைப்பும் உங்க வீட்ல கிடக்கும். வேற வெல்டரைக் கூப்பிட்டு முடிச்சுக்கலாம்.

"கடைக்காரரும் அட்வான்ஸ் கேப்பாரே?" கேப்பார். கலர் ஷீட்டை உங்க அளவுக்கு வெட்டணும்னா கொஞ்சம் முன்பணம் வாங்குவாங்க. குடுக்கலாம், தப்பில்லை. அவர் கடை நாளைக்கும் அதே இடத்துல திறந்திருக்கும், கையில ஜிஎஸ்டி பில் இருக்கும்.

அவர் பக்க நியாயமும் இருக்கு

வேலையை முடிச்சுக் குடுத்தும் மீதிக் காசுக்கு மாசக் கணக்குல அலைய விடற வீட்டுக்காரங்களும் நம்ம ஊர்ல இருக்காங்க. சனிக்கிழமை சாயங்காலம் ஆட்களுக்குக் கூலி குடுத்தாகணும். அதனாலதான் கான்ட்ராக்டர் முன்கூட்டியே பணத்தைப் பிடிச்சு வைக்கப் பாக்கறார். அந்தப் பயம் நியாயமானது.

அதனால "ஒரு பைசா அட்வான்ஸ் கிடையாது"ன்னு நிக்காதீங்க. ஒவ்வொரு கட்டம் முடிஞ்ச அன்னைக்கே, அவர் கேக்கறதுக்கு முன்னாடியே பணத்தை அனுப்புங்க. மெட்டீரியல்ல அவருக்கு ஒரு மார்ஜின் இருக்கும். கடைக்கு நேரா குடுக்கறதால அது போகுதுன்னு சொன்னா, அதைக் கூலியில சேர்த்து வெளிப்படையா பேசிக்கங்க. சில ஆயிரம் கூடப் போனாலும் அது 90,000 ரூபாய்க்கு நீங்க கட்டற இன்ஷூரன்ஸ் பிரீமியம்.

இதுக்கும் ஒத்துக்காம, "முழு அட்வான்ஸ் இல்லன்னா வேலை இல்ல"ன்னு ஒருத்தர் சொன்னா, உங்க பணம் அவருக்கு வேற எங்கயோ அவசரமா தேவைப்படுதுன்னு அர்த்தம். விட்டுடுங்க.

ஒரு பக்கம் பேப்பர்ல எழுதிக்கங்க: அளவு, ஷீட் பிராண்ட், தடிமன், மொத்தத் தொகை, ஆரம்பிக்கற தேதி, முடிக்கற தேதி, மேல சொன்ன கட்டங்கள், ஆரம்பிக்கலைன்னா எத்தனை நாள்ல டோக்கன் திரும்ப வரும். அவர் அட்ரஸ், அடையாள அட்டை நகல், ரெண்டு பேர் கையெழுத்து. "தெரிஞ்சவர்கிட்ட எப்படிப்பா எழுதிக் கேக்கறது?"ன்னு அப்பா சங்கடப்படுவார். "லோனுக்குக் காட்டணும், ஆபீஸ்ல கேக்கறாங்க"ன்னு பழியை உங்க மேல போட்டுக்கச் சொல்லுங்க.

ஜிஎஸ்டி நம்பர் இருந்தா ஜிஎஸ்டி போர்ட்டல்ல போட்டுப் பாருங்க, பேர் ஒத்துப்போகுதான்னு தெரிஞ்சுடும். இல்லைன்னா உடனே திருடன்னு முடிவு கட்ட வேண்டாம். சேவைத் தொழில்ல வருஷ டர்ன்ஓவர் பொதுவா 20 லட்சத்தைத் தாண்டினாதான் பதிவு கட்டாயம்.

ஏற்கனவே குடுத்துட்டீங்களா?

முதல் விஷயம், ரெண்டாவது தடவை குடுக்காதீங்க. "இன்னும் 30,000 போடுங்க, நாளைக்கே லோடு இறக்கிடறேன்"னு வருவார். போட்ட காசை மீட்கணுங்கற ஆசையில நிறைய பேர் இங்கதான் ரெண்டாவது தடவை மாட்டறாங்க. லோடு இறங்கட்டும், கடைக்கு நானே குடுத்துடறேன்னு சொல்லுங்க.

ரெண்டாவது, வாட்ஸ்அப்ல அமைதியா ஒரு மெசேஜ். "இந்தத் தேதில இவ்வளவு ரூபாய் குடுத்தேன், இந்தத் தேதில ஆரம்பிக்கறதா சொன்னீங்க, இன்னும் ஆரம்பிக்கலை." அவர் "ஆமா சார், அடுத்த வாரம்"னு பதில் போட்டாலே அது உங்களுக்கு ஆதாரம். திட்டி மெசேஜ் போட்டா பதில் வராது.

மூணாவது, 15 நாள் கெடு வச்சு எழுத்துல ஒரு நோட்டீஸ், ஒப்புகையோட தபால்ல. கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிவு பண்ணுங்க.

நாலாவது, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். காசு வாங்கிட்டு வேலை செய்யாதது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் புகார் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாம நீங்களே வாதாடலாம். உங்களை மாதிரி வெளியூர்ல வேலை பாக்கறவங்களுக்கு முக்கியமான பாயின்ட்: புகார் குடுக்கறவர் குடியிருக்கற இடத்துலயோ வேலை பாக்கற இடத்துலயோ கேஸ் போடலாம். பணம் குடுத்தது நீங்கதான்னா, உங்க பேங்க் ஸ்டேட்மென்ட்டே போதுமான தொடக்கம். இ-ஜாக்ரிதி போர்ட்டல்ல ஆன்லைன்லயே தாக்கல் பண்ணலாம். பிரச்சனை ஆரம்பிச்சதுல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். சட்டத்துல 3 மாசத்துல முடிக்கப் பாக்கணும்னு இருக்கு. நடைமுறைல இழுக்கும், பொறுமை வேணும்.

போலீஸ்? போனா "இது சிவில் மேட்டர்"னு சொல்லி அனுப்பலாம். அது பாதி சரி. வேலையை முடிக்காம விட்டது மட்டும் மோசடி ஆகாது. பணம் வாங்கும்போதே ஏமாத்தற எண்ணம் இருந்ததுன்னு காட்டினாதான் பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவு வரும். ஒரே நேரத்துல பல வீட்ல வாங்கிட்டு எங்கயும் வேலை தொடங்காதது, பொய் அட்ரஸ், போலி பில், இதெல்லாம் அந்த எண்ணத்தைக் காட்டற விஷயங்கள். பாதிக்கப்பட்ட மத்தவங்களைத் தேடிச் சேர்ந்து போங்க. புகாரை எழுதிக் குடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்காம வராதீங்க.

செட்டில்மென்ட்னு செக் குடுத்தா வாங்கிக்கங்க. அது பவுன்ஸ் ஆனா பேங்க் தகவல் வந்த 30 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ் அனுப்பணும். நோட்டீஸ் கிடைச்சு 15 நாள்ல அவர் பணம் தரலைன்னா, அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்குள்ள செக் மோசடிக் கேஸ் போடலாம். இந்தத் தேதிகளைத் தவறவிட்டா கேஸ் பலவீனமாயிடும்.

சட்டம் எங்க இருக்கு?

இதுதான் எனக்குக் கோபம் வர்ற இடம். பில்டர்கிட்ட ஃபிளாட் வாங்கினா, 2016 ரெரா சட்டத்தோட 13-வது பிரிவுப்படி, பதிவு செஞ்ச விற்பனை ஒப்பந்தம் இல்லாம 10 பர்சென்டுக்கு மேல வாங்கக் கூடாது. அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாநிலத்துல வீட்டு ரிப்பேர் கான்ட்ராக்டர் முன்பணமா மொத்தத் தொகையில 10 பர்சென்ட் அல்லது 1,000 டாலர், இதுல எது குறைவோ அதுக்கு மேல வாங்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. நம்ம ஊர்ல சொந்த வீட்டு மாடிக்கு ஷீட் போடறவருக்கு அப்படி ஒரு உச்சவரம்பு கிடையாது. 60 லட்ச ரூபாய் ஃபிளாட் வாங்கறவருக்கு இருக்கற பாதுகாப்பு, 60 வயசுல ஒழுகற மாடியைச் சரி பண்ற உங்க அப்பாவுக்கு இல்லை. இந்த வரம்பு இங்கயும் வரணும்.

வர்ற வரைக்கும் அந்த 10 பர்சென்ட் ரூலை உங்க வீட்டுக்கு நீங்களே போட்டுக்கங்க. இந்த மழைக்கு முன்னாடி வேலை பேசப் போறீங்கன்னா, மேல இருக்கற ஆறு கட்டத்தையும் உங்க தொகைக்கு மாத்தி எழுதி, குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டு வைங்க. முதல் பணம் போறதுக்கு முன்னாடி வீட்ல எல்லாரும் அதை ஒரு தடவை படிச்சிருக்கணும்.