ஜூன் 30-ல் நிற்காத இருமல்

திருமுதுகுன்றத்தில் சிவனிடம் பன்னிரண்டாயிரம் பொன் வாங்கிய சுந்தரர், அதை அங்கேயே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் கோயில் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது புராணம். திருமுதுகுன்றம் என்றால் நம்ம விருத்தாசலம்தான். பி.காம். படித்தவன் என்பதால் எனக்குப் பிடித்த இடம் இதில் வேறு. ஆற்றில் போடுமுன் சுந்தரர் மாதிரிக்கு ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்ததும் உரசிப் பார்த்தார்கள். மாற்று குறைந்திருந்தது. மனிதர் விட்டாரா? மறுபடி பாடி, முழு மாற்றும் வந்த பிறகுதான் நகர்ந்தார். கடவுளே அனுப்பிய பணத்துக்கும் ஆடிட் உண்டு!

இன்றைக்குப் பணம் எதிர்த்திசையில் வருகிறது. அமெரிக்காவிலோ ஜப்பானிலோ ஒரு ரோட்டரி கிளப் பணம் போடும். நம்ம ஊரில் ஒரு திட்டம் முளைக்கும். ரோட்டரி அறக்கட்டளையின் 'குளோபல் கிராண்ட்' என்றால் திட்டம் குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும். உள்ளூர் கிளப் ஒன்று, வெளிநாட்டு கிளப் ஒன்று, இருவரும் கூட்டாளிகள். இருவரின் மாவட்ட நிதியிலிருந்தும் சேர்த்து 16,700 டாலர் போட்டால், 2021 ஜூலையில் வந்த விதிப்படி உலக நிதி அதற்கு 80 சதவிகிதம், அதாவது 13,360 டாலர் சேர்க்கும். நம்ம ரூபாயில் மொத்தம் 25 லட்சத்துக்கு மேல். லேசான காசில்லை.

இந்தக் காசை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

நம்மூர் சர்வீஸ் கிளப்களில் திட்டம் எப்படிப் பிறக்கிறது தெரியுமா? முதலில் ஸ்பான்சர் பிடிபடுவார். நியூஜெர்சியில் இருக்கிற ஒரு உறுப்பினரின் மச்சான். "அவங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்பார்கள். தையல் மெஷின் பிடிக்கும். ஸ்மார்ட் கிளாஸ் பிடிக்கும். போட்டோவில் நன்றாக விழும் எதுவும் பிடிக்கும். பிறகுதான் அது யாருக்குத் தேவை என்று ஆள் தேடுவார்கள். ஊரின் தேவையைக் கேட்டறிந்த அறிக்கை இல்லாமல் மனு நகராது என்று விதியே இருக்கிறது. அந்த அறிக்கையைத்தான் கடைசியில், ராத்திரியோடு ராத்திரியாக எழுதுகிறார்கள்.

விருத்தாசலத்தில் நிஜமாகவே கேட்டறிந்தால் என்ன கிடைக்கும்? இது பீங்கான் ஊர். மீட்டர் போர்டின் வெள்ளை ஃபியூஸ் கட்டை, பொம்மை, ஜாடி எல்லாம் செய்த ஊர். செராமிக் படிக்கவே தனி டிப்ளமோ நிறுவனம் உண்டு. பீங்கானுக்குக் களிமண் மட்டும் போதாது. ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் வேண்டும். குவார்ட்ஸ் என்பது சிலிகா. அரைக்கும்போது, சலிக்கும்போது, காய்ந்த பொம்மையைத் தேய்க்கும்போது, அப்புறம் சாயங்காலம் துடைப்பத்தால் தரையைப் பெருக்கும்போது பறக்கிற தூசியில் கண்ணுக்குத் தெரியாத துகள்தான் நுரையீரலின் அடிவரை போகும். அதன் பெயர் சிலிகோசிஸ். பல வருஷம் கழித்துத்தான் காட்டிக்கொடுக்கும். குணமாகாது. காசநோய் வரும் வாய்ப்பையும் கூட்டும். மூக்கில் கட்டும் கர்சீப் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். மின்சாரம் வைத்து வேலை செய்யும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் 1948 சட்டப்படி அது தொழிற்சாலை. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்பு அதை 20 ஆக்கிவிட்டது. குடும்பமாக உட்கார்ந்து பொம்மை செய்கிற பட்டறை எந்தக் கணக்கிலும் வராது. சட்டம் நுழையாத இடத்துக்குத்தானே சேவை சங்கம் வேண்டும்?

ஸ்பான்சர் கிடைக்கமாட்டாரா? தேடுகிற இடம் தப்பு. மச்சானை விடுங்கள். இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் என்று ஒரு ஊர். பீங்கானாலேயே வளர்ந்த ஊர். அங்கே இந்த நோய்க்குப் 'பாட்டர்ஸ் ராட்' என்றே பெயர், குயவர் நுரையீரல் அழுகுகிறது என்ற அர்த்தத்தில். செத்துச் செத்துப் பாடம் படித்து, 1947-லும் 1950-லும் மட்பாண்டத் தொழிலுக்கென்றே தனி சுகாதார விதிகள் போட்டார்கள். அந்த ஊர்க்காரனுக்கு சிலிகோசிஸ் என்றால் என்னவென்று பவர்பாயின்ட் போட்டு விளக்க வேண்டாம். அவன் தாத்தா அதில்தான் போயிருப்பார். பீங்கான் ஊர் பீங்கான் ஊருக்கு எழுத வேண்டிய கடிதம் இது.

என்ன கேட்பது? தூசி உறிஞ்சும் அமைப்பு, ஈரமாக்கிப் பெருக்கும் பழக்கம், சரியான முகக்கவசம், நுரையீரல் ஊதல் பரிசோதனை, எக்ஸ்ரே, ஒவ்வொரு தொழிலாளிக்கும் வருஷா வருஷம் தொடரும் ஒரு அட்டை. ரோட்டரியின் நோய்த் தடுப்புத் தலைப்பில் இது கச்சிதமாக உட்காரும்.

சிக்கல் எங்கே என்றால், அந்த அட்டையில். கிளப் தலைவர் ஜூலை 1-ல் மாலை போட்டுக்கொள்கிறார், ஜூன் 30-ல் இறங்குகிறார். நோய்க்கு பதினைந்து வருஷம் வேண்டும். தலைவருக்குப் பன்னிரண்டு மாதத்தில் ரிப்பன் வெட்டியாக வேண்டும். அடுத்த தலைவர் வந்ததும் முந்தையவரின் திட்டம் அனாதை.

முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 1985-ல் போலியோவை எடுத்துக்கொண்ட அதே ரோட்டரிதான், எத்தனை தலைவர்கள் மாறினாலும் விடாமல் நின்றது. இந்தியாவில் கடைசி போலியோ கேஸ் 2011 ஜனவரியில், சான்றிதழ் 2014-ல். லயன்ஸ் சங்கத்தின் சைட்ஃபர்ஸ்ட் உதவியோடு மதுரை அரவிந்தில் 1992-ல் தொடங்கிய பயிற்சி நிறுவனம் இன்னமும் கண் மருத்துவமனைகளுக்கு வேலை கற்றுக்கொடுக்கிறது. அங்கே வாங்கியது மெஷின் அல்ல, தொடர்ச்சி.

நீங்கள் ஏதாவது ஒரு கிளப்பில் உறுப்பினர் என்றால், அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மூன்று வருஷத்துக்கு முன் நாம் கொடுத்த சாமான் இப்போது எங்கே இருக்கிறது, யார் போய்ப் பார்த்தது? சாப்பாட்டுக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். சாப்பிட்ட பிறகு பதில் சொல்ல ஆள் இருக்காது.