ரீகனைத் தேடச் சொன்னது யார்?

ரேமண்ட் சாண்ட்லரின் ‘த பிக் ஸ்லீப்’ நாவலைப் பாதியில் மூடி வைத்தவர்கள் நிறையப் பேர். ஆட்கள் அதிகம், பிணங்கள் அதிகம், யார் யாரை எதற்காகச் சுட்டார்கள் என்பது நூறு பக்கத்துக்குள் குழம்பிவிடுகிறது என்பார்கள். ஹோவர்ட் ஹாக்ஸ் இதைப் படமாக்கியபோது நடந்ததாகச் சொல்லப்படும் கதையும் அவர்களுக்குத் துணை நிற்கிறது. கார் டிரைவர் ஓவன் டெய்லரைக் கொன்றது யார் என்று படக்குழு கேட்க, தனக்கும் தெரியாது என்றாராம் சாண்ட்லர். எழுதியவருக்கே தெரியாததை நாம் ஏன் மண்டையை உடைத்துக்கொண்டு படிக்க வேண்டும்?

நியாயமான கேள்விதான். ஆனால், கொலைப் புதிராக நினைத்துப் படிப்பதால் வருகிற கேள்வி அது. 1939இல் வெளிவந்த இந்த நாவல் அடிப்படையில் காணாமல் போன ஒருவனின் கதை. அப்படி எடுத்துக்கொண்டால் சிக்கல் பெரும்பாலும் அவிழ்ந்துவிடும். இதை விளக்க முடிவையும் சொல்லியாக வேண்டும். முடிவு தெரிந்த பின்னும் படிக்கத் தகுந்த புத்தகம் என்பதால் தயங்காமல் சொல்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. கொலை நடந்தால் போலீஸ் வந்தே தீரும். வயது வந்த ஒருவர் வீட்டை விட்டுப் போவது குற்றமல்ல. அதனால்தான் இந்த வகை நாவல்களில் தனியார் துப்பறிவாளருக்கு வேலை இருக்கிறது. பிங்கர்ட்டன் நிறுவனத்தில் துப்பறிவாளராக இருந்து எழுத்துக்கு வந்த டேஷியல் ஹாமெட், ‘த மால்ட்டீஸ் ஃபால்கன்’ நாவலில் ஒரு கிளைக்கதை சொல்கிறார். டகோமா நகரில் வீடு, நிலம் விற்கும் தொழில் செய்யும் ஃப்ளிட்கிராஃப்ட் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்புகிறான். கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்திலிருந்து ஓர் உத்தரம் அவன் பக்கத்திலேயே விழுகிறது. நடைபாதையிலிருந்து தெறித்த சில்லு கன்னத்தைக் கீறியதோடு சரி. அன்றே ஊரை விட்டுப் போய்விடுகிறான். ஐந்து வருடம் கழித்து, மனைவி கேட்டுக்கொண்டதன் பேரில் துப்பறிவாளர் சாம் ஸ்பேட் அவனை ஸ்போகேனில் கண்டுபிடிக்கிறார். வேறு பெயர், வேறு மனைவி, ஒரு குழந்தை; வாழ்க்கை மட்டும் பழைய வாழ்க்கையைப் போலவே. விவகாரம் சத்தமில்லாமல் விவாகரத்தில் முடிகிறது. போலீஸுக்கு அங்கே வேலையே இல்லை. தேடல் நடந்ததற்கு ஒரே காரணம், ஒருத்திக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

ஆகவே இத்தகைய கதையில் ‘அவன் எங்கே?’ என்பதற்கு முன்னால் ‘கேட்பது யார், எதற்காக?’ என்ற கேள்வி வந்துவிடுகிறது. சாண்ட்லர் தன் நாவல் முழுவதையும் கட்டியிருப்பது இந்தக் கேள்வியின் மேல்தான்.

இரண்டாம் அத்தியாயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ். எண்ணெய்க் கிணறுகளால் பணக்காரரான ஜெனரல் ஸ்டெர்ன்வுட், ஆர்க்கிட் செடிகள் வளரும் கண்ணாடி வீட்டுக்குள் சக்கர நாற்காலியில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வந்த துப்பறிவாளர் ஃபிலிப் மார்லோவுக்கு வியர்வை ஆறாக ஓடுகிறது, கோட்டைக் கழற்றிவிடுகிறார். கிழவருக்கோ அந்தச் சூடு இல்லாமல் முடியாது. மதுவும் புகையும் அவருக்கு ஆகாது என்பதால் மார்லோவுக்குப் பிராந்தி ஊற்றச் சொல்லி, அவர் குடிப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்கிறார். இதே இடத்தில் இதே போல வியர்த்தபடி பிராந்தி குடித்துக்கொண்டு, அயர்லாந்துப் புரட்சிக் கதைகளைச் சொன்ன மருமகன் ரஸ்டி ரீகனைப் பற்றியும் பேசுகிறார். அவன் ஒரு மாதத்துக்கு முன்பு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். தேடச் சொல்ல வாய் வரவில்லை. இளைய மகள் கார்மென் கையெழுத்திட்ட கடன் சீட்டுகளை வைத்து ஒருவன் பணம் பறிக்கப் பார்க்கிறான், அதைக் கவனியுங்கள் என்பது மட்டுமே அவர் கொடுக்கும் வேலை. ஆனாலும் ரீகன் விட்டுப் போன இடத்தில்தான் மார்லோ உட்கார்ந்திருக்கிறார். கிழவர் எதைக் கேட்க விரும்பினார் என்பது மார்லோவுக்கும் புரிகிறது.

அடுத்த நிமிடமே மூத்த மகள் விவியன், ரீகனின் மனைவி, மார்லோவைக் கூப்பிட்டனுப்புகிறாள். அப்பா உங்களை ரீகனைத் தேடவா அமர்த்தினார் என்று தூண்டிலிடுகிறாள். சூதாட்ட விடுதி நடத்தும் எடி மார்ஸும் இதையே கேட்கிறான். யாரும் ஒப்படைக்காத வழக்கைப் பற்றி ஆளாளுக்கு விசாரிக்கிறார்கள். நாவலின் முதன்மையான தடயம் இதுதான், எதிரிலேயே இருந்தும் நம் கண்ணில் படாமல் போகிறது.

படாமல் போவதற்குக் காரணமும் உண்டு. ‘பிளாக் மாஸ்க்’ இதழில் தாம் முன்பு எழுதிய ‘கில்லர் இன் த ரெயின்’ (1935), ‘த கர்ட்டன்’ (1936) ஆகிய இரண்டு கதைகளை முக்கியமாக இணைத்தே சாண்ட்லர் இந்த நாவலை உருவாக்கினார். மிரட்டல் விவகாரம் முதல் கதையிலிருந்து வந்தது. டிரைவரின் சாவு அதைச் சேர்ந்தது. காணாமல் போனவன் இரண்டாவதிலிருந்து வந்தவன். முதல் விவகாரம் நடுவிலேயே முடிந்துவிடுகிறது. ஐந்நூறு டாலர் காசோலையோடு ஜெனரல் கணக்கை முடித்துக்கொள்கிறார். ஒட்டுப்போட்ட தையல் அந்த இடத்தில் தெரிகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மார்லோ அங்கே நிற்கவில்லை. நேராகக் காணாமல் போனோர் பிரிவுக்குப் போகிறார். எடி மார்ஸின் மனைவியும் காணோம். ரீகன் பதினைந்தாயிரம் டாலரைக் கையில் வைத்திருந்தவன். இருவரும் சேர்ந்து ஓடியிருப்பார்கள் என்பது அந்தப் பிரிவின் கேப்டன் கிரிகரியின் கணிப்பு. போலீஸுக்கு அது போதுமானதாக இருக்கிறது. மார்லோவுக்குப் போதவில்லை.

உண்மை இது: ரீகன் எங்கும் போகவில்லை. தன் ஆசைக்கு இணங்காததால் கார்மென் அவனைச் சுட்டுவிட்டாள். துப்பாக்கி சுடக் கற்றுக்கொடு என்று மார்லோவையும் பழைய எண்ணெய்க் கிணற்றுப் பக்கம் கூட்டிப்போய் அவரையும் சுடுகிறாள். அவர் முன்யோசனையாக வெற்றுத் தோட்டாக்களைப் போட்டிருந்ததால் தப்பிக்கிறார். ரீகனின் உடல் கிடப்பதும் அங்கேதான். ஜெனரலுக்குச் செல்வம் கொடுத்த எண்ணெய் வயலிலேயே அவருக்குப் பிடித்தமான மனிதன் மறைக்கப்பட்டிருக்கிறான். விவியனுக்குத் தெரியும். மறைக்க உதவிய எடி மார்ஸ் அவளைத் தன் பிடியில் வைத்திருக்கிறான். தேடுகிறார்களா என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தது ஏன் என்பது இங்கே புரிந்துவிடுகிறது.

ஜெனரல் கடைசியில் ஆயிரம் டாலர் தருவதாகச் சொல்லி, ரீகனைக் கண்டுபிடிக்கும்படி வாய்விட்டே கேட்டிருந்தார். மார்லோ கண்டுபிடித்தும் அவரிடம் சொல்வதில்லை. சாகப்போகும் கிழவர் தன் மகளைப் பற்றி இதைத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று முடிவெடுக்கிறார். கார்மெனை எங்காவது கொண்டுபோய்ச் சிகிச்சை கொடு என்று விவியனுக்கு மூன்று நாள் தவணை கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார். பதில் கிடைத்தும் பதிலைக் கொடுக்க முடியாத இந்த இடம்தான் நாவலின் உச்சம் என்பேன். எந்தக் கொலைப் புதிரும் இவ்வளவு கனமான முடிவுக்கு என்னைக் கொண்டுவந்ததில்லை.

இந்த வழியில் பிற்பாடு வெகுதூரம் போனவர் ராஸ் மெக்டொனால்ட். சிறுவயதில் தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட, அவர் இல்லாமலேயே வளர்ந்தவர். 1959இல் வந்த ‘த கால்ட்டன் கேஸ்’ நாவலில், இருபது ஆண்டுகளுக்கு மேல் காணாமல் போன மகனைத் தேடச் சொல்கிறாள் ஒரு பணக்காரத் தாய். அங்கும் தேடல் திரும்பத் திரும்ப அந்தக் குடும்பத்துக்குள்ளேயே வந்து நிற்கிறது. சாண்ட்லரிடம் தெரியும் தையல் இவரிடம் தெரியாது. தன்பாலீர்ப்பு கொண்டவர்களைப் பற்றி மார்லோ பேசுவது போன்ற இழிவான பேச்சும் இவரிடம் இவ்வளவு உறுத்தலாக இல்லை. ‘த பிக் ஸ்லீப்’ படிப்பவர்கள் அந்தக் குறையையும் தெரிந்தே படிக்க வேண்டும்.

நாவலைப் பாதியில் வைத்தவர்கள் இன்னொரு முறை எடுங்கள். ஒரு பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்திலும் ரீகன் பேச்சை முதலில் எடுப்பது யார் என்று மட்டும் ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள்.