மெலிய வைத்த நோயும் எடை கூட்டிய மருந்தும்

உகண்டாவின் கிராமங்களில் எயிட்ஸ் நோய் முதன்முதலாகத் தலைகாட்டிய காலத்தில் அதற்கு மக்கள் வைத்த பெயர் 'ஸ்லிம்' என்பதாகும். மெலிவு என்பது அதன் பொருள். 1985ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையான 'லான்செற்' வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையும் அந்தப் பெயரையே தலைப்பில் தாங்கியிருந்தது. திடகாத்திரமான மனிதர்கள் சில மாதங்களுக்குள் எலும்புந் தோலுமாகிப் போவதைக் கண்டு திகைத்தவர்களுக்கு வேறு பெயர் தோன்றவில்லை.

நாற்பது வருடங்கள் கழிந்த நிலையில், அதே கண்டத்தில், அதே நோய்க்கு மருந்து உட்கொள்வோரின் உடல் எடை அளவுக்கு மீறிக் கூடுகிறதா என்பது மருத்துவ உலகின் கேள்வியாக இருக்கிறது. இதனை விந்தை என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. ஒரு மருந்தை எவருடைய உடம்பில் சோதித்துப் பார்த்துவிட்டு எவருக்குக் கொடுக்கிறோம் என்ற பழைய கேள்வி இதற்குள் ஒளிந்திருக்கிறது.

மருந்தின் பெயர் டொலுடெக்ராவிர். 2013 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முன்னர் பரவலாகப் பாவனையில் இருந்த எஃபாவிரென்ஸ் தலைச்சுற்றலையும் கெட்ட கனவுகளையும் கொடுத்தது. வைரசும் அதற்கு எளிதில் பழகிக்கொண்டது. டொலுடெக்ராவிர் வைரசை விரைவாக அடக்கியது. அதனை எதிர்த்து நிற்க வைரசு பெரிதும் சிரமப்பட்டது. 2017 செப்டெம்பரில் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி, இந்தியக் கம்பனிகள் தயாரிக்கும் மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை, ஆளொருவருக்கு வருடத்துக்குச் சுமார் 75 டொலர் விலையில் வறிய நாடுகளுக்குக் கிடைக்க வழி பிறந்தது. 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் இதனையே முதன்மைச் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது. உலகில் எச்.ஐ.வி. தொற்றாளர்கள் மிக அதிகமாக வாழும் நாடான தென்னாபிரிக்கா அந்த வருட இறுதியில் இம்மாத்திரைக்கு மாறத் தொடங்கியது.

இந்த மருந்துக்கு அனுமதி பெற்றுக்கொடுத்த பிரதான பரிசோதனைகளில் பங்குபற்றியோரில் நூற்றுக்கு எண்பதுக்கும் அதிகமானோர் ஆண்கள். அவர்களிலும் பெரும்பான்மையினர் வெள்ளையர்கள். ஆனால், சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆபிரிக்காவில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரில் பெரும்பான்மையினர் பெண்கள். மருந்து ஓர் உடம்பில் சோதிக்கப்பட்டது. வேறோர் உடம்புக்கு அனுப்பப்பட்டது.

இடைவெளியை நிரப்பியவர்கள் ஜோகனஸ்பேர்க் நகரின் விற்வோட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். மருத்துவர் பிரான்சுவா வென்டர் தலைமையில் நடைபெற்ற 'அட்வான்ஸ்' என்ற ஆய்வில் 1,053 பேர் சேர்க்கப்பட்டனர். ஏறத்தாழ அனைவரும் கறுப்பின மக்கள். பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். 2019 ஜூலையில் மெக்சிக்கோ நகர மாநாட்டில் முடிவுகள் வெளியாகின. 48 வாரங்களில் எஃபாவிரென்ஸ் எடுத்தவர்களின் எடை சராசரியாக 1 கிலோ கூடியிருந்தது. டொலுடெக்ராவிரைப் பழைய வகை டெனொஃபோவிருடன் எடுத்தவர்களுக்கு 3 கிலோ. புதிய வகை டெனொஃபோவிருடன் எடுத்தவர்களுக்கு 6 கிலோ. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் கூடியது. கமரூனின் யாவுண்டே நகரில் 613 பேரிடம் நடத்தப்பட்ட இன்னோர் ஆய்வும் டொலுடெக்ராவிர் எடுத்தோரின் எடை கூடுதலாக அதிகரித்ததைக் காட்டியது.

இங்கே அவசரப்பட்டு மருந்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடக்கூடாது. நோயினால் உருகிய உடம்பு, சிகிச்சை கிடைத்ததும் இழந்த தசையை மீட்டுக்கொள்வது இயல்பு. எஃபாவிரென்ஸ் எடை கூடுவதைத் தடுத்து வைத்திருந்தது என்பதற்கும் சான்றுகள் உண்டு. அந்த மருந்தைச் சிதைக்கும் ஈரல் நொதியம், பரம்பரை அலகைப் பொறுத்து, சிலரில் மெதுவாக வேலை செய்கிறது. அத்தகையோரின் உடம்பில் மருந்து தேங்கி நிற்கிறது. அவர்களுடைய எடை அதிகம் கூடவில்லை. வேகமாகச் சிதைப்பவர்களுக்கோ டொலுடெக்ராவிர் எடுத்தவர்களைப் போலவே எடை கூடியிருந்தது. பழைய டெனொஃபோவிரும் எடையை ஓரளவு அமுக்கி வைக்கும் தன்மை உடையது. ஆக, புதிய மருந்து எடையைக் கூட்டுகிறதா, பழைய மருந்தின் நச்சுத்தன்மை விலகியதால் எடை கூடுகிறதா என்பதே விஞ்ஞானிகளின் வாதம். எடை கூடியதற்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது உயிருக்கு உலை வைக்கும் காரியம் என்பதில் மட்டும் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

எனினும், காரணம் எதுவாயினும் கூடிய எடை கூடியதுதான். நீரிழிவும் உயர் குருதி அழுத்தமும் ஏற்கனவே பெருகிவரும் ஒரு நாட்டில், வாழ்நாள் முழுவதும் மாத்திரை எடுக்க வேண்டிய ஓர் இளம் பெண்ணுக்கு அது சிறிய விடயமல்ல. எச்.ஐ.வி. தொற்றாளர்களுக்கு மாரடைப்பு அபாயம் இயல்பிலேயே அதிகம். 12 நாடுகளில் 7,769 பேரிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வொன்று, கொழுப்பைக் குறைக்கும் பிற்றாவஸ்ரற்றின் என்ற மருந்து, மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெரும் இருதய நோய்களை மூன்றிலொரு பங்கு குறைப்பதாகக் கண்டது. அந்த நாடுகளில் தென்னாபிரிக்காவும் இந்தியாவும் அடக்கம். வைரசை அடக்கியதோடு வைத்தியம் முடிந்துவிடவில்லை.

உடம்பின் தோற்றம் இந்த நோயில் எப்போதும் ஊரார் வாய்க்கு அவலாகவே இருந்துவந்துள்ளது. முன்னர் மலிவாகக் கிடைத்த ஸ்டாவுடின் என்ற மருந்து கன்னத்திலும் கைகால்களிலும் இருந்த கொழுப்பைக் கரைத்து, நோயாளியை முகத்தை வைத்தே காட்டிக்கொடுத்தது. அதனைக் கைவிடுமாறு உலக சுகாதார ஸ்தாபனம் சொன்னது 2009இல்தான். செல்வந்த நாடுகள் அதற்கு முன்னரே அதைவிட்டு விலகத் தொடங்கியிருந்தன. மெலிந்தவரைச் சந்தேகிக்கும் சமூகத்தில், சதை போடுவது நிம்மதியாகவும் இருக்கக்கூடும். "உடம்பு வைத்திருக்கிறாய்" என்பதை நலம் விசாரிப்பாகவே சொல்லிப் பழகிய நமக்கு அது புரியும். ஆகவே, எத்தனை கிலோ கூடினால் அது கவலைக்குரியது என்பதை நோயாளியிடம் கேட்காமல் தீர்மானிக்க முடியாது.

கேட்காமல் தீர்மானித்த ஓர் அனுபவமும் இருக்கிறது. கருவுறும்போது டொலுடெக்ராவிர் எடுத்த பெண்களின் குழந்தைகளிடம் முதுகுத்தண்டுக் குறைபாடு கூடுதலாகக் காணப்படுவதாக 2018 மே மாதத்தில் பொற்சுவானாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. 426 பிரசவங்களில் நான்கு குழந்தைகள் என்பது அந்தக் கணக்கு. உடனே பல நாடுகள் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு இம்மருந்தைக் கட்டுப்படுத்தின. அதே வருடம் ஜூலையில் கிகாலியில் கூடிய, எச்.ஐ.வி.யுடன் வாழும் ஆபிரிக்கப் பெண்கள், தகவலைத் தாருங்கள், தெரிவை எங்களிடம் விடுங்கள் என்று கோரினர். பிரசவங்களின் எண்ணிக்கை பெருகப் பெருக அந்த வேறுபாடு மறைந்துபோனது. பெண்களைத் தொடக்கத்திலேயே ஆய்வில் சேர்த்திருந்தால் இந்தப் பதற்றத்தின் பெரும் பகுதியைத் தவிர்த்திருக்கலாம்.

ஜோகனஸ்பேர்க் ஆய்வின் பெறுமதி இங்குதான் இருக்கிறது. செல்வந்த நாடுகள் விரும்பி ஏற்ற புதிய டெனொஃபோவிர், ஆபிரிக்காவின் பொதுச் சிகிச்சையில் பழையதன் இடத்தைப் பிடிக்காமல் போனதற்கு அதன் முடிவுகளும் ஒரு காரணம். அந்த ஆய்வுக்கு நிதி கொடுத்தவற்றுள் ஒன்று யு.எஸ்.எயிட் எனப்படும் அமெரிக்க உதவி நிறுவனம். 2025 ஜனவரியில் வாஷிங்டன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தது. ஜூலை மாதத்துடன் அந்த நிறுவனமே இல்லாது போயிற்று. தென்னாபிரிக்காவில் ஆய்வுகள் பாதியில் நின்றன. ஆய்வுப் பணியாளர்கள் வேலை இழந்தனர்.

மாத்திரை நின்றால் மரணம் தெரியும். உலகம் அதைப் பற்றியாவது பேசுகிறது. ஆய்வு நின்றால் எதுவும் தெரியாது. அடுத்த புதிய மருந்து வரும்போது, அது ஆபிரிக்கப் பெண்ணின் உடம்பில் என்ன செய்கிறது என்று பார்க்க எவரும் இல்லாதிருந்தால், தீங்கு நேர்ந்தாலும் கணக்கில் வராது. மருந்தை மலிவு விலையில் கொடுப்பதோடு கடமை முடிந்துவிட்டதென்று செல்வந்த நாடுகள் கருதக்கூடாது. ஆபிரிக்க அரசுகளும் தமது மக்களின் உடம்பைப் பற்றிய அறிவுக்குப் பிறர் பணத்தை நம்பியிருக்கும் நிலையிலிருந்து வெளிவர வேண்டும். எவர் மருந்தை விழுங்கப் போகிறாரோ, அவரிடத்திலேயே அது முதலில் சோதிக்கப்பட வேண்டும். அது எவரும் போடும் பிச்சை அல்ல, நோயாளியின் உரிமை.