நைந்த கொடிக்கும் உரிய மரியாதை

துறைமுக நகரில் கொடிகள் நெடுநாள் நிலைப்பதில்லை. கடற்காற்றில் கலந்துள்ள உப்பும், கச்சான் காற்றின் வேகமும், மார்கழி மழையும் எந்தத் துணியையும் விரைவில் நையச் செய்துவிடும். ஆண்டுதோறும் பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திர தினத்தையொட்டித் திருகோணமலையின் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் கடைகளிலும் ஏற்றப்படும் தேசியக் கொடிகளுள் சில, மாதங்கள் சென்ற பின்னரும் இறக்கப்படாமல், நிறம் மங்கி, ஓரம் கிழிந்து, நூல் பிரிந்து தொங்குவதைக் காண்கிறோம். சிறுவர் கைகளில் கொடுக்கப்பட்ட தாள் கொடிகளும் பொலித்தீன் கொடிகளும் அதற்கு முன்பே வீதியோர வாய்க்கால்களை அடைந்துவிடுகின்றன.

அன்பார்ந்த வாசகர்களே, பழைய கொடியை என்ன செய்வது என்பது மிகச் சிறிய கேள்வியாகத் தோன்றலாம். ஆயினும் அதன் பின்னால் இந்த நாட்டுக்கும் நமக்கும் உள்ள உறவு என்ன என்ற பெரிய கேள்வி நிற்கிறது. கொடி கிழிந்து தொங்குவது தேசத்துக்கே இழுக்கு என ஒருவர் கொதிப்பார். வெறும் துணிதானே, குப்பையில் போட்டால் என்ன என மற்றொருவர் கேட்பார். அது என்னுடைய கொடி என்று எனக்கு ஒருநாளும் உணர்த்தப்படவில்லையே, அது நைந்தால் எனக்கென்ன என மூன்றாமவர் தம் மனத்துக்குள் சொல்லிக்கொள்வார். மூவரும் இதே மாவட்டத்தில், ஒரே சந்தையில் மீன் வாங்கி, ஒரே பேருந்தில் பயணிப்பவர்கள். இம்மூவருக்கும் நற்செய்தியின் ஒளியில் நாம் என்ன சொல்லலாம்?

வேறு நாடுகள் இதனை எவ்வாறு நோக்கியுள்ளன என்பதை முதலில் பார்ப்போம். ஐக்கிய அமெரிக்கா 1942ஆம் ஆண்டில் வகுத்த கொடி நெறிமுறை, பறக்கவிடத் தகுதியற்றதாகிவிட்ட கொடியைக் கண்ணியமான முறையில், இயன்றவரை எரித்து, முடிவுறச் செய்யும்படி பணிக்கிறது. அங்கு கொடி நாளாகிய ஜூன் 14ஆம் திகதி, முன்னாள் படையினரின் சங்கங்கள் பழைய கொடிகளைச் சேகரித்து இதற்கென ஒரு சடங்கையே நடத்துகின்றன. இந்தியாவில் 2002ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த கொடி விதித்தொகுப்பும் ஏறக்குறைய இவ்வாறே கூறுகிறது: சேதமுற்ற கொடியை முழுமையாக, தனிமையில், எரித்தோ அதன் கண்ணியத்துக்கு ஒத்த வேறு வழியிலோ அகற்ற வேண்டும், விழாக்களில் அசைத்த தாள் கொடிகளையும் நிலத்தில் எறிந்துவிட்டுப் போகக்கூடாது.

இங்கே சிந்திக்கத்தக்க ஒன்று உண்டு. கொடிக்கு இறுதி மரியாதை செய்பவரும் நெருப்பையே நாடுகிறார். கொடியை அவமதிக்க விரும்புபவரும் நெருப்பையே நாடுகிறார். 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டலஸ் நகரில் ஒருவர் அரசியல் எதிர்ப்பாகத் தேசியக் கொடியை எரித்தார். அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1989ஆம் ஆண்டில் ஐந்து நீதியரசர்கள் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாகப் பிரிந்து, அச்செயல் கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்துள் அடங்கும் என்று தீர்ப்பளித்தனர். துணியும் ஒன்றே, தீயும் ஒன்றே, உள்ளமே வேறு. மனிதரின் செயலுக்கு அவரது உள்ளத்திலிருந்தே பொருள் பிறக்கிறது என்று ஆண்டவர் இயேசு கற்பித்ததும் இதுவன்றோ?

கத்தோலிக்கருக்கு இது புதிய பாடமன்று. குருத்து ஞாயிறன்று மந்திரிக்கப்பட்ட ஓலைகளை நாம் குப்பையில் எறிவதில்லை. அவை எரிக்கப்பட்டு, அடுத்த ஆண்டின் திருநீற்றுப் புதனன்று நம் நெற்றியில் சாம்பலாகத் திரும்பி வருகின்றன. நைந்துபோன பலிபீடத் துணிகளையும் திருவுடைகளையும் எரித்துச் சாம்பலை மண்ணில் சேர்ப்பது திருச்சபையின் நெடுநாள் வழக்கம். நம் அயலவரான இஸ்லாமிய மக்களும் பழைய திருக்குர்ஆன் பிரதிகளை மரியாதையோடு மண்ணில் புதைக்கிறார்கள். மதிப்புக்குரிய பொருள் ஒன்று தன் பணியை முடித்த பின்னும் மதிப்பிழந்து போவதில்லை என்ற உணர்வு இம்மண்ணின் சமயங்களுக்குப் பொதுவானது.

எனினும் கொடி ஓர் அருளடையாளம் அன்று. மரியாதைக்கும் வழிபாட்டுக்கும் இடையிலான எல்லையை விவிலியம் தெளிவாகக் காட்டுகிறது. பாலைநிலத்தில் மோசே வெண்கலப் பாம்பு ஒன்றைச் செய்து, கம்பத்தில் உயர்த்தினார் (எண்ணிக்கை 21:8-9). அக்கம்பத்தைக் குறிக்க எபிரேய மூலத்தில் வரும் ‘நேஸ்’ என்னும் சொல் கொடியையும் குறிக்கும். கடித்த பாம்பின் நஞ்சிலிருந்து மக்களைக் காத்த அடையாளம் அது. ஆனால் நூற்றாண்டுகள் சென்றபின் மக்கள் அதற்கே தூபம் காட்டத் தொடங்கினர். கடவுள்பால் பற்றுமிக்க அரசர் எசேக்கியா அதனை உடைத்தெறிந்தார் (2 அரசர்கள் 18:4). உயிர் காக்க உயர்த்தப்பட்ட அடையாளம், தானே வழிபடப்படும் நிலையை அடைந்தபோது, அதனை அகற்றுவதே உண்மைப் பற்றாயிற்று. கொடியின் பெயரால் மனிதர் நசுக்கப்படும் இடமெல்லாம் இந்த வெண்கலப் பாம்பு நம் நினைவுக்கு வரவேண்டும்.

நம் நாட்டுக் கொடியின் கதையையும் நாம் அறிந்திருத்தல் நலம். 1948ஆம் ஆண்டு சுதந்திரத்தின்போது கண்டி இராச்சியத்தின் சிங்கக் கொடி ஏற்றப்பட்டது. நிலையான தேசியக் கொடி எவ்வாறு அமைய வேண்டும் என ஆராய அதே ஆண்டு எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. ஜீ. ஜீ. பொன்னம்பலம், ரீ. பி. ஜாயா, செனட்டர் எஸ். நடேசன் ஆகியோரும் அதில் அங்கம் வகித்தனர். தமிழரைக் குறிக்கும் செம்மஞ்சள் பட்டையும், முஸ்லிம்களைக் குறிக்கும் பச்சைப் பட்டையும் சேர்க்கப்பட்ட கொடி 1951ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. செனட்டர் நடேசன் அதற்கு உடன்படாமல் தம் மாற்றுக்கருத்தைப் பதிவு செய்தார். 1972ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்போடு நான்கு மூலைகளிலும் அரச இலைகள் இடம்பெற்றன. அன்பு, கருணை, பிறர் மகிழ்வில் மகிழ்தல், சமநிலை என்ற நான்கு நற்பண்புகளை அவ்விலைகள் குறிப்பதாகப் பொருள் கூறப்படுகிறது. ஆகவே இக்கொடியில் விவாதமும் விட்டுக்கொடுப்பும் தீராத மனக்குறையும் தொடக்கம் முதலே கலந்துள்ளன.

திருகோணமலை மக்களுக்கு இது ஏட்டளவிலான வரலாறு மட்டுமன்று. 1956ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிர்ப்புத் தெரிவித்து, 1957 பெப்ரவரி 4ஆம் திகதி தமிழர் சுதந்திர தினத்தைத் துக்க நாளாக அனுட்டித்தனர். அன்று இந்நகரில் கறுப்புக் கொடி ஏற்ற முயன்ற நடராஜன் என்னும் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வேளை துறைமுகக் கடற்படைத் தளம் பிரித்தானியரிடமிருந்து முழுமையாகக் கைமாறியிருக்கவும் இல்லை. அது அதே ஆண்டு ஒக்டோபரிலேயே கையளிக்கப்பட்டது. அந்நியக் கொடி இறங்கும் முன்பே, நம்முள் ஒருவரின் உயிர் கொடியின் பொருட்டுப் பறிபோயிற்று. 2006 ஜனவரி 2ஆம் திகதி இந்நகரின் கடற்கரையோரத்தில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. அதே ஆண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி திகம்பத்தனையில் கடற்படையினரின் பேருந்துகள் மீது விடுதலைப் புலிகள் நடத்திய குண்டுத் தாக்குதலில், திருகோணமலையிலிருந்து விடுமுறையில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மாலுமிகள் பலர் மாண்டனர். தேசியக் கொடி போர்த்தப்பட்ட பேழையில் தம் மகனைப் பெற்ற சிங்களத் தாய்க்கு அக்கொடி வெறும் துணியாகுமா? அக்கொடியின் பெயரால் அதிகாரம் செலுத்தியோர் மகனைக் காக்கவில்லை, நீதியும் வழங்கவில்லை என்று அழும் தமிழ்த் தாய்க்கு அது எளிதில் தன் கொடியாகுமா?

இவ்விரு தாய்மாருக்கும் நடுவே நிற்கும் கிறிஸ்தவர் எவ்வாறு நடந்துகொள்வது? புனித பவுல் கொரிந்து நகரில் இதையொத்த சிக்கலைச் சந்தித்தார். சிலைகளுக்குப் படைக்கப்பட்ட உணவை உண்பது சிலருக்குப் பொருட்டாகவே இருக்கவில்லை. வேறு சிலருக்கோ அது மனச்சான்றைக் காயப்படுத்திற்று. சிலை என்பது ஒன்றுமில்லை என்ற அறிவு சரியே என்று ஏற்றுக்கொண்ட பவுல், அந்த அறிவு ஒரு சகோதரரின் வீழ்ச்சிக்குக் காரணமாகுமாயின் இறைச்சியையே ஒருபோதும் உண்ணமாட்டேன் என்றார் (1 கொரிந்தியர் 8). அறிவு இறுமாப்படையச் செய்யலாம். அன்பே உறவைக் கட்டியெழுப்பும் என்பது அவரது தீர்ப்பு. எனவே கொடிமீது பற்றற்றவரும் அதனைக் குப்பையில் எறியாதிருப்பாராக. அது மற்றொருவரின் கண்ணீர் பட்ட துணி. கொடிமீது பற்றுடையவரும், அதன் முன் மௌனமாக நிற்பவரைத் துரோகி என்று பழிக்காதிருப்பாராக. அந்த மௌனத்துக்குப் பின்னாலும் ஒரு கல்லறை இருக்கக்கூடும்.

மரியாதையை எல்லாரிடமும் எதிர்பார்க்கலாம். அன்பைக் கட்டளையிட்டுப் பெற முடியாது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதம் இசைக்கப்பட்டபோது மரியாதையோடு எழுந்து நின்றனர். தம் நம்பிக்கையின் பொருட்டு வாய்திறந்து பாடவில்லை. இதற்காகப் பாடசாலையிலிருந்து நீக்கப்பட்ட அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளுமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 1986ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் 2016 பெப்ரவரி 4ஆம் திகதி, பல தசாப்தங்களின் பின், அரசின் சுதந்திர தின விழாவில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டபோது எத்தனையோ தமிழ் உள்ளங்கள் கனிந்தன. 2020ஆம் ஆண்டு விழாவில் அது தமிழில் பாடப்படாதபோது அதே உள்ளங்கள் மீண்டும் சுருங்கின. நாட்டுப்பற்றை ஊட்டுவதும் உலர்த்துவதும் எது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

கிறிஸ்தவம் நாட்டுப்பற்றை வெறுக்கவில்லை. பெற்றோருக்கும் தாய்நாட்டுக்கும் நாம் நன்றிக்கடன் பட்டுள்ளோம் என்று புனித தோமா அக்குவினார் கற்பித்தார். நாட்டைப் பெருந்தன்மையோடும் பற்றுறுதியோடும் நேசிக்க வேண்டும், ஆயினும் அந்த நேசம் மனித குலம் முழுவதையும் மறக்கும் குறுகிய மனமாகிவிடக்கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. இயேசு தம் நாட்டை நேசித்த விதத்தை நோக்குவோம். எருசலேமை நெருங்கியபோது அவர் அதன் பெருமையைப் பாடவில்லை. அமைதிக்குரிய வழியை அந்நகரம் அறியாமற் போயிற்றே என்று அழுதார் (லூக்கா 19:41-42). நாட்டின் குற்றத்தைக் கண்டு அழுபவரும் நாட்டை நேசிப்பவரே. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டோருக்கு இறைவாக்கினர் எரேமியா எழுதிய மடலில், அந்த அந்நிய நகரின் நலனையே நாடி அதற்காக மன்றாடும்படி பணித்தார் (எரேமியா 29:7). தம்மைச் சிறைப்படுத்திய நகருக்கே நலம் தேடச் சொன்ன கடவுள், நாம் பிறந்து வளர்ந்த மண்ணுக்கு நலம் தேடாதிருக்க அனுமதிப்பாரா?

கொடிக்கு நேரும் பெரும் சேதம் காற்றால் வருவதன்று. செம்மஞ்சள், பச்சைப் பட்டைகள் இரண்டையும் நீக்கிய சிங்கக் கொடியைச் சில குழுக்கள் பொது இடங்களில் உயர்த்தியதை நாம் கண்டிருக்கிறோம். தேசப்பற்றின் பெயரால் செய்யப்பட்ட அச்செயல் தேசியக் கொடியையே இரண்டாகக் கிழிப்பதாகும். மாறாக 2022ஆம் ஆண்டில் காலிமுகத்திடலில் தேசியக் கொடியை ஏந்தித் திரண்ட இளைஞர்கள் நடுவே, மே 18ஆம் திகதி, முள்ளிவாய்க்காலில் மாண்டோரும் நினைவுகூரப்பட்டனர். கொடி எல்லாருக்கும் உரியதாகும் நாள் எப்படியிருக்கும் என்பதை அந்த மாலைப்பொழுது சிறிதளவேனும் காட்டிற்று.

நடைமுறையில் நாம் செய்யக்கூடியவை எளியவை. தெருவில் எறியப்படப் போகும் பொலித்தீன் கொடிகள் நூறு வாங்குவதிலும், நல்ல துணிக்கொடி ஒன்றை வாங்கிப் பேணுவது மேல். நைந்த கொடியைக் காலந்தாழ்த்தாது இறக்குவோம். அதனைத் தரை துடைக்கவோ பொருள் மூடவோ பயன்படுத்தாதிருப்போம். பருத்தித் துணியாயின் மடித்து, ஆரவாரமின்றித் தூய்மையான இடத்தில் முழுமையாக எரித்துச் சாம்பலைப் புதைப்போம். செயற்கை இழையாயின் நச்சுப்புகை எழுமாதலால் எரிக்காமல் மடித்துப் புதைக்கலாம். பாடசாலையில் இப்பணியை ஆற்றும் ஆசிரியர், மாணவர் இருவரை அருகில் அழைத்து, இந்தப் பட்டை யாருக்குரியது, இந்த இலை எந்தப் பண்பைக் குறிக்கிறது, இப்பண்புகளில் நாம் எதில் தவறினோம் என்று கேட்பாராயின், அந்தச் சில நிமிடங்கள் பல உரைகளிலும் பயன் தரும்.

பழைய துணியை மாற்றுவது ஒருநாள் வேலை. கொடி வாக்களிக்கும் அன்பையும் கருணையையும் மூவினத்தாருக்கும் மெய்யாக்குவது ஒரு தலைமுறையின் வேலை. முன்னதைச் செய்யும் கைகள் பின்னதற்கும் துணிவு பெறட்டும். எல்லா இனத்தாரையும் தம் சிலுவையின் கீழ் ஒன்றுசேர்க்கும் ஆண்டவர், நம் துறைமுக மண்ணுக்கும் நாடு முழுவதற்கும் நீதியோடு கூடிய அமைதியை அருள்வாராக.