கார் கடனும் சிபில் மார்க்கும்

முதலியார்பேட்டை ஏ.எப்.டி. பஞ்சாலை 2020-ல் மூடப்பட்டது. இப்படி வருமானம் நின்ற வீட்டில் கார் கடன் இருந்தால், தவணை தவறாமல் இருக்குமா?

ரிசர்வ் பாங்கு 2025-ல் தன் வட்டியை 6.5 சதவீதத்திலிருந்து 5.25 ஆகக் குறைத்தது. நிலையான வட்டிக்குக் கார் வாங்கியவருக்கு அதனால் லாபம் இல்லை. கடனை வேறு பாங்குக்கு மாற்றலாம் என்றாலோ, சிபில் மார்க் குறுக்கே நிற்கிறது! 300 முதல் 900 வரை போடப்படும் மார்க் அது. வட்டிக் குறைப்பு யாருக்கு அதிகம் தேவையோ, அவருக்கே கதவு அடைப்பு.

கட்டிய தவணை கட்டாததாகப் பதிவாவதும் உண்டு. சிபில் அறிக்கை ஆண்டுக்கு ஒரு முறை இலவசம். தவறு பற்றிய புகார் 30 நாளில் தீராவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு என்பது 2024 முதல் விதி.

மாற்றுவதற்கும் செலவு: பழைய கடனை முன்கூட்டி அடைக்கக் கட்டணம், புதியதற்குக் கட்டணம், ஆர்.சி.யில் பாங்கின் பெயரை மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடை. தவணை குறைகிறதே என்று காலத்தை நீட்டினால், மொத்த வட்டி ஏறக்கூடும். காரின் விலையோ ஆண்டுக்கு ஆண்டு இறங்கும்.