வானத்து எச்சரிக்கை யாருடைய மொழியில் வரும்?

2025 பெப்ரவரியில் வேறொரு செய்திக்காகக் கற்பிட்டிக்குப் போயிருந்தேன். வாடியொன்றில் வலை பொத்திக்கொண்டிருந்த, அறுபது வயது கடந்த ஒருவர் தனது கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "தம்பி, இந்தக் கல் எங்கட கடலிலயா விழப்போகுது?" யூரியூப் காணொளி ஒன்று. நெருப்புக் கோளம், ஓடும் மக்கள், 2032 என்ற ஆண்டு.

அவர் 1990 ஒக்ரோபரில் மன்னாரிலிருந்து படகேறி இந்தக் கரைக்கு வந்தவர். வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது யாழ்ப்பாண நகரில் கொடுக்கப்பட்ட அவகாசம் 2 மணித்தியாலம். நானோ கிபிர் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓடி வளர்ந்தவன். வானத்தைப் பார்த்துப் பயப்படுவது எங்கள் இருவருக்கும் புதிதல்ல. அதனால் அந்தக் கேள்வியைச் சிரித்துக் கடந்துபோக முடியவில்லை.

அவர் காட்டியது 2024 வைஆர்4 என்ற சிறுகோளைப் பற்றியது. 2024 டிசெம்பர் 27 அன்று சிலியிலுள்ள தொலைநோக்கி ஒன்று அதைக் கண்டுபிடித்தது. அதன் அகலம் சுமார் 60 மீற்றர். 2032 டிசெம்பர் 22 அன்று அது புவியில் மோதும் வாய்ப்பு 2025 பெப்ரவரி 18இல் 3.1 வீதமாக உயர்ந்தது. மோதினால் விழக்கூடிய நீண்ட பட்டியில் அரபிக் கடலும் தெற்காசியாவும் இருந்தன. அந்த மாதம் முடிவதற்குள் அந்த வாய்ப்பு 0.004 வீதத்துக்கு இறங்கியது.

"ஏறினது ஏன் திடீரெண்டு இறங்கினது? மறைக்கிறாங்களா?" என்று கேட்டார்.

அவருடைய தொழிலை வைத்தே சொன்னேன். காணாமல் போன படகொன்றை 100 சதுர மைல் கடலில் தேடுகிறோம். அதில் 1 சதுர மைல் உங்கள் கரையோரம். படகு அங்கே இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. புதிய தகவல் கிடைத்துத் தேடும் பரப்பு 30 சதுர மைலாகச் சுருங்குகிறது. உங்கள் கரையோரம் இன்னும் அதற்குள் இருந்தால் வாய்ப்பு முப்பதில் ஒன்றாகக் கூடும். இன்னும் சுருங்கும்போது கரையோரம் வெளியே போய்விட்டால் வாய்ப்பு இல்லாமலே போகும். கல் பாதை மாறவில்லை; எங்களுடைய அறிவுதான் கூர்மையானது. அவர் தலையாட்டினார். "அப்ப கணக்கை மாத்தினதையும் சொல்லியிருக்கிறாங்க."

முக்கியமான விடயம் அதுதான். வானியலாளர்கள் அவதானிப்புகளை உலகம் முழுவதும் பகிர்ந்து, ஒவ்வொரு திருத்தத்தையும் வெளிப்படையாக அறிவிக்கிறார்கள். நாங்கள் திருவாதிரை என்று சொல்லும் விண்மீன் 2019 இறுதியிலிருந்து மங்கியபோதும் அப்படித்தான். வெடிக்கப்போகிறது என்று பலர் எழுதினார்கள். தொழில்முறை சாராத ஆர்வலர்களும் சேர்ந்து அதன் ஒளியைத் தொடர்ந்து அளந்தார்கள். அது வெளியேற்றிய தூசியே பெரும் காரணம் என்பது பின்னர் தெரிந்தது.

இலங்கைக்கும் இதில் அனுபவம் உண்டு. 2015 ஒக்ரோபர் 3இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு விண்வெளிக் குப்பை, முன்கூட்டியே கணித்தபடி நவம்பர் 13 முற்பகல் 11.48 அளவில் எமது தென்கடலுக்கு மேலே எரிந்தது. ஓரிரு மீற்றர் அளவான பொருளுக்குக்கூட முன்னறிவிப்பு கிடைத்தது.

இதற்கு எதிரான உதாரணம் 2004 டிசெம்பர். அந்த வாரம் அபோபிஸ் என்ற சிறுகோள் 2029இல் புவியில் மோதும் வாய்ப்பு 2.7 வீதம்வரை ஏறியது. 25 ஆண்டுகளுக்குப் பிந்திய ஆபத்தை உலகம் கணக்கிட்டுக்கொண்டிருந்தது. அதே வாரம், 26ஆம் திகதி, சுமாத்ரா நிலநடுக்கத்துக்கும் எமது கிழக்குக் கரையை அலை அடைந்ததற்கும் இடையில் ஏறக்குறைய 2 மணித்தியாலம் இருந்தது. அதைக் கரைக்குச் சொல்ல ஆளில்லை. இந்தத் தீவில் 30,000இற்கு மேற்பட்டோர் இறந்தனர்.

அதற்குப் பின்னர் எச்சரிக்கை நிலையங்கள் வந்தன. ஆனால் 2025 நவம்பரில் டித்வா புயல் 600இற்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோய், புத்தளம் மாவட்டத்தையும் வெள்ளத்தில் மூழ்கடித்தபோது, தமிழில் எச்சரிக்கை உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு மீண்டும் எழுந்தது. உடப்பிலும் கற்பிட்டியிலும் சிங்கள அறிவித்தலை வாசிக்க இயலாத ஒருவருக்கு மிஞ்சுவது யூரியூப் மட்டுமே.

அபோபிஸ் மீண்டும் வருகிறது. 2029 ஏப்ரல் 14, எமது நேரப்படி அதிகாலை 3.16 அளவில், சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில், புவியின் மேற்பரப்பிலிருந்து சுமார் 32,000 கிலோமீற்றர் தொலைவில் அது கடக்கும். மோதாது, குறைந்தது 100 ஆண்டுகளுக்கு மோதாது என்று 2021இலேயே உறுதிசெய்துவிட்டார்கள். ஆனால் அந்த நாள் நெருங்க நெருங்க வதந்திகள் பெருகும். அதற்கு முன்னரே பொறுப்பானவர்கள் தெளிவான தமிழில் ஓர் அறிக்கை வெளியிட வேண்டும். பாடசாலைகளும் மீனவர் சங்கங்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். சிறுகோள் அறிக்கையைத் தமிழில் தரப் பழகும் நிர்வாகம், அடுத்த புயல் எச்சரிக்கையையும் தமிழில் தரும்.

விடைபெறும்போது அந்தக் காணொளியை அவர் முன்னாலேயே அழித்தார். "பேரனுக்கு நீங்க சொன்ன படகுக் கணக்கைச் சொல்லிக் குடுக்கிறேன் தம்பி" என்றார்.