வல்லூறு கொடியதா?

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தூரந்தான். சாரல் காலத்தில் அருவியை நாடி விரைவோர், வழியிலுள்ள வயல்களையும் தோப்புகளையும் கவனிப்பதில்லை. காலை வேளையில் அங்கே சற்று நின்று பறவைகளை நோக்குவோருக்கு, என்றேனும் ஒருநாள் நெஞ்சை உலுக்கும் காட்சி ஒன்று கிட்டும்.

தவிட்டுக்குருவிகள் சருகைக் கிளறி இரை தேடிக்கொண்டிருக்கும். திடீரென அவை ஒருசேரக் கூச்சலிடும், அணிலும் கீச்சிடும். இலை மறைவில் அமர்ந்திருந்த வல்லூறு அம்பெனப் பாய்ந்து, பறந்து பழகாத குஞ்சொன்றை நகங்களில் பற்றிச் சென்றுவிடும். உடனிருக்கும் பிள்ளைகள் கண் கலங்குவர். பெரியவர்கள் கல்லைத் தேடுவர்.

அன்பர்களே, கல்லை எடுக்க வேண்டாம். வல்லூற்றுக் குடும்பத்தில் பெரும்பாலும் பெட்டை அடைகாக்கும். சேவல் இரை கொணரும். ஒரு கூட்டில் அழுகை எழுந்த அதே நேரத்தில் மற்றொரு கூட்டில் பசி தீர்கிறது. இதில் பகையுமில்லை, வஞ்சமுமில்லை.

வளைந்த அலகுடையவை மட்டுமே இவ்வாறு செய்வதாக எண்ணுவதும் தவறு. காகமும் வால்காக்கையும் செம்போத்தும் பிற பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் உண்பவையே. மலைக்காட்டில் மரமுடிகளை ஒட்டி மெல்ல மிதந்து செல்லும் கருங்கழுகு, சில வேளை கூட்டையே பெயர்த்துச் சென்றுவிடும்.

எளியவை காப்பற்றவையும் அல்ல. கரிச்சான் தன் கூட்டை நெருங்கும் காகத்தையும் பருந்தையும் துரத்தித் துரத்திக் கொத்தும். அதன் காவலை நம்பிப் புறாக்களும் கொண்டைக்குருவிகளும் அருகிலேயே கூடு கட்டுவதுண்டு. காவல் அதிகாரியைக் குறிக்கும் ‘கொத்வால்’ என்ற பெயரை வடநாட்டார் அதற்கு இட்டது பொருத்தமே.

ஒரு கணக்கும் பாருங்கள். ஓர் இணைக் கொண்டைக்குருவி ஆண்டுக்கு இருமுறை மும்மூன்று குஞ்சு பொரித்து, அவற்றில் ஒன்றும் சாகாதிருந்தால், ஓராண்டில் 4 இணைகளாகும். ஐந்தாண்டில் 1,024 இணைகளாகும். அத்தனைக்கும் பழமும் புழுவும் எங்கே?

ஆயினும், “இறைவன் இதை ஏன் அனுமதிக்கிறார்?” என்று பிள்ளை வினவினால், இக்கணக்கைக் காட்டி வாயடைக்க வேண்டாம். அந்தக் குஞ்சின் வேதனை மெய்யானது. அதற்காகக் கலங்கும் உள்ளம் நல்ல உள்ளம். அக்கலக்கத்தை நம் செயல்களின் பக்கமும் திருப்பக் கற்பிப்போம்.

வல்லூற்றால் குருவியினம் அழிந்ததில்லை. ஆனால் மாட்டுக்கு நாம் செலுத்திய டைக்ளோஃபினாக் என்னும் வலிமருந்து, மாட்டின் பிணத்தை உண்ட பாறுகளைக் கொன்றது. இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 1992-க்கும் 2007-க்கும் இடையே 99 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்தன. 2006-இல்தான் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. காட்டுப் பறவைகளை வேட்டையாடுவதை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. இருந்தும் கண்ணியும் உண்டிவில்லும் ஓய்ந்தபாடில்லை.

ஆகவே பிள்ளைகளுக்கு இவற்றைப் பழக்குங்கள்: கூட்டருகே அடிக்கடி சென்று எட்டிப் பார்க்கலாகாது, நம் நடமாட்டமே காகத்திற்கு வழிகாட்டிவிடும். தரையில் தத்தும் இளங்குஞ்சை வீட்டிற்கு எடுத்து வரலாகாது. தாய் பெரும்பாலும் அருகிலேயே இருக்கும். தொலைவில் நின்று பார்க்கட்டும். கண்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும். வல்லூறு தன் பசியளவே கொல்கிறது. அந்த அளவை நாமும் அறிந்தால் போதும்.